ஒரே கப்பலா, பல படகுகளா? கெப்பாலா பத்தாஸ் வரை நம் குடும்பங்கள் வந்த நீர்வழி

"எங்க தாத்தா கப்பல்ல வந்தவரு." பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால், ஊரிலிருந்து ஒரே கப்பலில் ஏறி வீட்டு வாசலில் யாரும் இறங்கிவிடவில்லை. கெப்பாலா பத்தாஸ் அமைந்திருக்கும் வட செபராங் பிறைக்கு வந்து சேர, படகு, கப்பல், மறுபடியும் படகு என்று பலமுறை மாற வேண்டியிருந்தது. அந்த வழி எப்படி இருந்தது? ஏன் நின்றது?

பயணம் எங்கே தொடங்கியது?

பெரும்பாலோருக்கு நாகப்பட்டினத்தில் அல்லது சென்னையில். நாகப்பட்டினத்துக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது. அதே பத்தாண்டில், கடற்கரையை ஒட்டி வேதாரண்யம் வரை ஒரு கால்வாயும் வெட்டப்பட்டது. அதில் உப்பு ஏற்றிய படகுகள் ஓடின. ஆக, உள்நாட்டு நீர்வழியும் கடல்வழியும் சந்தித்த இடம் அது.

ஆனால் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் தள்ளித்தான் நிற்கும். கைக்குழந்தை, மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் முதலில் படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும்.

கப்பலில் எப்படி இருந்தார்கள்?

பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தொழிலாளர் குடும்பங்களுக்கு அறை கிடையாது, தளத்தில்தான் இடம். பாய் விரித்த இடம்தான் அவர்களின் வீடு.

மலேசியத் தமிழர்கள் மறக்காத பெயர் 'ரஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, 1926-ல் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது.

பினாங்கு வந்ததும் நேரே தோட்டத்துக்கா?

இல்லை. பலர் முதலில் இறங்கியது பினாங்குத் தீவுக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவில். அம்மை, காலரா பரவாமல் தடுக்க அங்கே தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து விடுபட்டால் இன்னொரு படகு.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சம்பானும் தொங்கானும் ஓடின. 1894-ல் வழக்கமான பெரி சேவை வந்தது. அக்கரையில் வடக்கே மூடா ஆறு, தெற்கே பிறை ஆறு. நல்ல சாலைகள் போடப்படுவதற்கு முன் ஆளும் சரக்கும் உள்ளே போக ஆறுகளே பாதை.

இது எவ்வளவு பழைய வழி?

செபராங் பிறையில் 1834-ல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அதில் வேண்டிக்கொள்கிறான். மூடா ஆற்றுக்கு அப்பால், கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கும் அதே கடல் வணிகத்தால் வளர்ந்ததுதான்.

குடும்பமாக வந்தது எப்போது?

தொடக்கத்தில் வந்தவர்களில் ஆண்களே மிக அதிகம். 1910-ல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு மனைவி, பிள்ளைகளோடு வருவது கூடியது. 1938-ல், உதவிப் பணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1953-ல் மலாயாவும் குடிநுழைவு விதிகளை இறுக்கியது. அதற்குப் பிறகு கப்பலில் போய் வந்தவர்களில் பலர், ஊரைப் பார்த்துத் திரும்புகிறவர்கள்.

ஏன் நின்றது?

1973-ல் ரஜுலாவின் ஓட்டம் முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து, பயணிகள் உயிரிழந்தார்கள். அதோடு அந்தச் சேவை நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. வங்கக்கடலைத் தாண்ட விமானம், நீரிணையைத் தாண்ட பாலம் என்று ஆகிவிட்டது.

பெரி மட்டும் மிச்சம். பழைய இரட்டை மாடிப் பெரிகள் 2020 இறுதியில் ஓய்வு பெற்றன. 2023-ல் புதியவை வந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. ஆனால் அது போவது இலங்கையின் காங்கேசன்துறைக்கு.

நாம் என்ன செய்யலாம்?

ஊர்ப் பெயர் தெரியாமல் வேரைத் தேடுவது மிகக் கடினம். 'நாகப்பட்டினம்' என்று மட்டும் சொன்னால், அது ஏறிய துறைமுகமாக இருக்கலாம். சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதே கேளுங்கள்: எந்தக் கப்பல், எந்த ஆண்டு, யாரோடு வந்தார்கள், எந்தக் கிராமம்? பழைய கடப்பிதழ், நுழைவு அனுமதித் தாள், பிறப்புச் சான்றிதழ் எதையும் "பழைய பேப்பர்தானே"ன்னு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திலோ சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ தேடப் போகிறவர்களுக்கு, அந்த ஒரு தாளில் உள்ள பெயரும் ஆண்டும்தான் முதல் பிடி.