காலால் அளக்கும் மின்சாரம்

சிவனொளிபாதமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் கடற்கரையில் புறப்பட்டு அந்த உச்சிவரை தன் உடம்பை ஏற்றிக்கொண்டு போவதாக வைத்துக்கொண்டால், அந்த ஏற்றத்துக்கான வேலை ஏறத்தாழ 13 இலட்சம் யூல். மின்சார சபையின் பில்லில் ஓர் அலகு என்று அச்சிடப்படுவது 36 இலட்சம் யூல். ஆகவே ஓர் அலகு மின்சாரத்துக்குள் இரண்டே முக்கால் தடவை மலையேறும் சக்தி அடங்கியிருக்கிறது. அந்த உச்சிக்குப் போகும் எரத்ன பாதையில் யாத்திரை போய் வந்து இரண்டு நாள் கால் வலித்த குருவிட்டக்காரர் எவரும் இந்தக் கணக்கை இலேசில் நம்பமாட்டார். ஆனால் கணக்குச் சரி. நம் உணர்வுதான் பழகவில்லை. ஒரு கிலோ தேயிலைக் கொழுந்து எவ்வளவு என்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும், தூக்கிப் பார்த்திருப்பதால். ஓர் அலகைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. மிதித்து ஓட்டும் மின்னியந்திரம் அந்த வழியைத் தருகிறது. பாடசாலையில் அதற்கு இடம் உண்டு என்று நான் சொல்வது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். மின்சாரம் தயாரிக்கும் கருவியாக அதைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

செய்வது பெரிய காரியமில்லை. ஒரு பழைய சைக்கிள், பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தும் இரும்புத் தாங்கி, சக்கரத்திலிருந்து பெல்ட் மூலம் சுழலும் ஒரு காந்த மோட்டார். மின்சார ஸ்கூட்டர்களில் வரும் அத்தகைய மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் அதுவே மின்சாரம் தரும். வோல்ற்றளவும் அம்பியரளவும் காட்டும் மானி ஒன்று, வாகனங்களில் போடும் 12 வோல்ற், 21 வோட் பல்ப்கள் நாலைந்து, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். பிள்ளை மிதித்துக்கொண்டிருக்கும்போது முதல் பல்பைப் போட்டவுடன் மிதி கனக்கும். இரண்டாவதைப் போட்டால் இன்னும் கனக்கும். மின்னோட்டம் தன்னை உண்டாக்கும் அசைவையே எதிர்க்கிறது என்று 1834இல் பௌதிகவியலாளர் லென்ஸ் சொன்ன விதியை அந்தப் பிள்ளை தொடையில் படிக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் இடையில் ஒரு பற்றரியை வைத்துவிடுகிறார்கள். விளக்கு சீராக எரியும், உண்மைதான். ஆனால் சுவிட்சைப் போடும்போது பாரத்தைப் பற்றரி வாங்கிக்கொள்வதால் காலுக்கு ஒன்றும் தெரியாது. அளக்கக் கற்பிப்பதுதான் நோக்கம் என்றால் நேராக இணைக்கவேண்டும். அப்போது யாராவது வேகமாக மிதித்தால் வோல்ற்றளவு ஏறி பல்ப் கருகும். அதைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு சுற்று தேவை. சங்கிலிக்கும் பெல்ட்டுக்கும் மூடி கட்டாயம்.

மனிதக் கால் எவ்வளவு தரும் என்பதை உலகம் வேடிக்கையாகவும் விபரமாகவும் பார்த்துவிட்டது. 2009இல் பிபிசி தொலைக்காட்சி, ஒரு வீட்டாருக்குத் தெரியாமல், அவர்கள் ஒருநாள் செலவழித்த மின்சாரத்தைச் சுமார் எண்பது பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்தே கொடுத்தது. 2015இல் ஜேர்மன் சைக்கிள் பந்தய வீரர் ரொபர்ட் ஃபோர்ஸ்டமன் 700 வோட் டோஸ்டரில் ஒரு துண்டு பாண் வாட்ட மிதித்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அந்தத் தொடைகள் தந்தது 0.021 அலகு, வாட்டி முடிந்ததும் அவர் தரையில் விழுந்து கிடந்தார். சாதாரண ஆரோக்கியமான ஒருவர் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வோட் வரை தருவார். 100 வோட்டிலேயே பத்து மணித்தியாலம் மிதித்தால்தான் ஓர் அலகு. ஒரு லீற்றர் தண்ணீரைத் தேநீருக்குக் கொதிக்கவைக்க, வீணாவதை விட்டுவிட்டாலும், அவர் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மிதிக்கவேண்டும்.

இந்த எண்களைத் தெரிந்தவர் மிதியியந்திரத்தை வறுமைக்கு மருந்தாக விற்கமாட்டார். ஆனால் விற்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் இந்திய வணிகர் மனோஜ் பார்கவா, ஒரு மணித்தியாலம் மிதித்தால் கிராமத்து வீட்டுக்கு ஒருநாள் மின்சாரம் என்று தன் இயந்திரத்தை முன்வைத்தார். ஒரு மணித்தியாலத்தில் கிடைப்பது 0.1 அலகு அளவுதான். சில எல்இடி விளக்கும் ஃபோன் சார்ஜும் அதில் ஓடும். 1,500 வோட் கேத்தல் நாலு நிமிடத்தில் அதைக் குடித்துவிடும். இதோடு ஆற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். குருவிட்டவில் குரு கங்கையின் நீரில் ஓடும் எரத்ன சிறு நீர்மின் நிலையம் 2004இலிருந்து இயங்குகிறது. அதன் கொள்ளளவு 10 மெகாவோட். தேசிய மின்வலையமைப்போடு ஒப்பிட்டால் அது சிறியதுதான். அது முழு அளவில் ஓடும்போது தருவதைக் காலால் தர, ஒரே நேரத்தில் ஒரு இலட்சம் பேர் சைக்கிளில் ஏறவேண்டும். ஆறு செய்யும் வேலையின் பிரமாண்டம் இப்படித்தான் புலப்படும்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையை மிதிக்கவைத்து அதன் சாப்பாட்டைக் கரைப்பது நியாயமா? உடம்பு தின்றதில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும் என்பதால் கேள்வி வலுவானது. தொடர்ந்து மின்சாரம் எடுக்கும் திட்டமாக இருந்தால் நானும் எதிர்ப்பேன். பாடத்துக்கோ ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். 50 வோட்டில் ஒரு நிமிடம் என்றால் 3,000 யூல். அதற்குச் செலவாகும் உணவு மூன்று நாலு கலோரி, மாரி பிஸ்கட்டில் ஒரு சிறு துண்டு. உண்மையில் அந்தக் கணக்கையே வகுப்பில் போடலாம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. இத்தகைய கண்காட்சிகள் கடைசியில் ‘விளக்கை அணையுங்கள்’ என்ற உபதேசத்தில் போய் முடிகின்றன. லயன் அறையில் இரண்டு மூன்று விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த உபதேசம் அநியாயம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் அது வேடிக்கையும்கூட. அளவைச் சொல்லிக்கொடுங்கள், குற்றவுணர்வை விட்டுவிடுங்கள். 60 வோட் பழைய பல்பும் அதே வெளிச்சம் தரும் 9 வோட் எல்இடியும் காலுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று உணர்ந்த பிள்ளைக்கு உபதேசம் தேவைப்படாது.

பெரும்பாலான காட்சிகள் தவறுவது வேறோர் இடத்தில். யார் அதிக வோட் காட்டுகிறார் என்று போட்டி வைப்பார்கள். பெரிய பையன் முப்பது விநாடி பறந்து கைதட்டு வாங்குவான். அங்கே அளக்கப்பட்டது வலு, சக்தி இல்லை. 300 வோட்டில் முப்பது விநாடி மிதித்தவனும் 50 வோட்டில் மூன்று நிமிடம் மிதித்தவளும் தந்தது ஒரே 9,000 யூல். மின்சார சபை காசு கேட்பதும் அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான். ஆகவே மானி வாங்கும் ஆசிரியர் வோட் காட்டும் முள்ளோடு நின்றுவிடாமல், சேர்ந்துகொண்டே போகும் வோட்-மணித்தியாலத்தையும் காட்டுவதாகப் பார்த்து வாங்கவேண்டும். முழு வகுப்பும் ஒருவர் பின் ஒருவராக ஏறி மிதித்து, தவணை முடிவதற்குள் அந்தத் திரையில் ஓர் அலகு சேருமா என்று பார்க்கலாம்.