ஆய்வுக்கூட வாசலில் தொடங்கும் கணக்கு

எண்ணூர், திருவொற்றியூர், மணலிக்காரர்களான நமக்கு வேதியியல் முதலில் மூக்கு வழியாகத்தான் அறிமுகமாகிறது. காற்று திசை மாறினால், எந்த ஆலையின் நெடி என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் படர்ந்தபோது, மீனவர்களே வாளியில் அள்ளினார்கள்.

ஆலைக்கு வெளியே நெடியைச் சுமக்கிறோம். உள்ளே ஒப்பந்தக் கூலிகளாக மூட்டை சுமக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்பவர்களில் நம் தலித் பிள்ளைகள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியோடுதான் பெர்சி ஜூலியனின் வாழ்க்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது. கறுப்பினத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கரிம வேதியியலாளர் அவர். 1899இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பிறந்தார். தாத்தா அடிமையாக இருந்தவர். அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்புக்கு மேல் படிக்க அரசுப் பள்ளி கிடையாது. டிபாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விட்டுப்போன பள்ளிப் பாடங்களையும் சேர்த்தே படித்து, 1920இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

ஹார்வர்டில் 1923இல் முதுகலை முடித்தார். கறுப்பர் பாடம் நடத்தினால் வெள்ளை மாணவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று கற்பிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. கடல் கடந்து வியன்னா சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையில் பைசோஸ்டிக்மைன் என்ற பொருள் இருக்கிறது. கண் அழுத்த நோய்க்கு மருந்து. அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க, ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற ராபர்ட் ராபின்சனும் முயன்றுகொண்டிருந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். ராபின்சன் வெளியிட்ட வழி தவறு என்று ஜூலியன் துணிந்து எழுதினார். 1935இல் ஜோசப் பிக்லுடன் சேர்ந்து அதை நிரூபித்தும் காட்டினார். டிபாவில் அவருடன் உழைத்தவர்களில் இளங்கலை மாணவர்களும் இருந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், நிறத்தின் காரணமாக அங்கே அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை.

1936இல் கிளிடன் என்ற பெயின்ட் நிறுவனத்துக்குப் போனார். சோயாவிலிருந்து புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பெருமளவில் தயாரிக்கும் வழி கண்டார். நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கினார் என்பதற்காக 1950இல் அந்த வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். மறு ஆண்டு வெடிகுண்டு வீசினார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது 1973இல். இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்தார்.

இன்று ஓர் ஆய்வாளரை எடைபோட மேற்கோள்களை எண்ணுகிறார்கள். ஒருவருடைய கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்பதே மேற்கோள் கணக்கு. அதற்கான அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல்தான் வந்தது. 2005இல் வந்த 'எச்' குறியீட்டின்படி, 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் பெற்றால் குறியீடு 10.

இந்தத் தராசில் ஜூலியனை வைத்தால் என்ன ஆகும்? கட்டுரைகள் மட்டுமே நிற்கும். காப்புரிமைகள் இந்தக் குறியீட்டில் சேராது. அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்ட வேலைகளும், அதனால் எழுதப்படாமல் போன கட்டுரைகளும் எந்த அட்டவணையிலும் ஏறாது. மேற்கோளை எண்ணுகிறவர்கள், ஆய்வுக்கூட வாசலில் யாரை நிறுத்தினோம் என்று எண்ணுவதில்லை.

நம் நாட்டு வாசலையும் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, 23 ஐஐடிகளில் இருந்த 6,043 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர். இரண்டும் சேர்ந்து 3 விழுக்காடுகூட இல்லை. ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கென்று 2019இல் தனிச் சட்டமே வந்தது. அது முழுமையாக நடைமுறையாகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேதியியல் படிக்கும் தம்பி, தங்கைகளே, பட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு இருக்கிறது. ஆய்வு உதவித்தொகைக்கு சிஎஸ்ஐஆர்-நெட் இருக்கிறது. பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்குத் தனியாக தேசிய உதவித்தொகையும் உண்டு. ஆய்வில் உங்கள் உழைப்பு இருந்தால், கட்டுரையில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

நம் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று இதுவரை பிறர்தான் நமக்குச் சொல்கிறார்கள். அதை அளந்து, எழுதி, உலகம் மேற்கோள் காட்டும்படி சொல்கிறவர்கள் நம் தெருவிலிருந்தே வரட்டும்.