ஓட்ஸ் கஞ்சியும் ஒரு கையெழுத்தும்

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் என்ற ஊரில் ஃபெர்னால்டு அரசுப் பள்ளி இருந்தது. மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் ஆதரவற்றவர்கள், அவ்வளவுதான். 1940-களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சிறுவர்களில் சிலரைச் சேர்த்து ‘சயன்ஸ் கிளப்’ தொடங்கினார்கள். சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் பால் கிடைத்தது; பேஸ்பால் ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார்கள். காலையில் கொடுத்த ஓட்ஸ் கஞ்சியிலும் பாலிலும் கதிரியக்கம் கொண்ட இரும்பும் கால்சியமும் கலந்திருந்தன. தானியத்திலுள்ள ஃபைட்டேட், இந்தச் சத்துகளை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனமும் ஆய்வுக்கு உதவியது.

பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே கிடையாது. 1993 டிசம்பரில் ‘பாஸ்டன் குளோப்’ எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கதிரியக்க அளவு மிகக் குறைவு, உடலுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று பின்னர் விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் எம்.ஐ.டி.யும் குவேக்கரும் 18.5 லட்சம் டாலர் கொடுத்து, பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டன. ‘உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இங்கே பதிலாகாது என்றே நினைக்கிறேன். பிள்ளையின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதைத் தாயிடம் மறைத்ததே குற்றம்.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. வீடு வீடாக மக்கள் ரத்தம் கொடுத்ததால்தான் அந்தக் கணக்கே நமக்குக் கிடைத்தது. ஆகவே ஆய்வுக்கு வரச் சொல்லி ஒரு மருத்துவக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கூப்பிட்டால் பயந்து ஒதுங்க வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தகவல் தாளும் சம்மதப் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; அவற்றின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் ஒப்புதலையும் கேட்கச் சொல்கின்றன ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள். மிச்ச ரத்தத்தைச் சேமித்து வைப்பார்களா, வேறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். ஆய்வுக்கான பணம் யாருடையது என்பதையும் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.

உணவு ஆய்வுதானே, இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடைசியில் மயக்கம். மாத்திரை அளவை யார் மாற்றுவார்கள், ராத்திரியில் ‘லோ சுகர்’ ஆனால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். எடுக்கும் மருந்து ஒவ்வொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம். முதலில் ஆய்வை நடத்தும் மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். பலனில்லை என்றால் அந்த நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போங்கள். தொடர்பு விவரம் தகவல் தாளிலேயே இருக்க வேண்டும். புது மருந்து சம்பந்தப்பட்டது என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எழுதலாம். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; 30 நாளில் பதில் தர வேண்டும். இதற்கெல்லாம் அந்தச் சம்மதப் படிவத்தின் நகல் வேண்டும். ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.