உங்களுக்குத் தெரியுமா? ஐரோப்பாவில் மறுபடியும் இரவு ரயில்!

● 2016 டிசம்பரில் ஜெர்மனி ரயில்வே தன் படுக்கை வசதி ரயில்களை மொத்தமாக நிறுத்தியது. கூட்டம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் 13 லட்சம் பேர் அவற்றில் போயிருந்தார்கள். வருமானம் 9 கோடி யூரோ, நஷ்டம் 3.1 கோடி யூரோ என்று கணக்குக் காட்டி முடித்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த ஆஸ்திரியாவின் ரயில்வேதான் அந்தப் பெட்டிகளில் பலவற்றை விலைக்கு வாங்கி, சில தடங்களையும் எடுத்துக்கொண்டு, அதே மாதம் 'நைட்ஜெட்' என்ற பெயரில் ஓட்டியது. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய இரவு ரயில் சேவை அதுதான். ஒரு கோடி மக்கள்கூட இல்லாத நாடு செய்த காரியம் இது!

● கூட்டம் இருந்தும் கையைக் கடிப்பது ஏன்? நம்மூர் பழைய ஸ்லீப்பர் கோச்சில் 72 பேர் படுக்கலாம். ஐரோப்பியப் படுக்கைப் பெட்டியில் பெரும்பாலும் 36 பேருக்கு மேல் இடமில்லை. பகல் ரயில் பெட்டி ஒரே நாளில் பல நடை போய்வரும். இதற்கு ராத்திரிக்கு ஒரு நடைதான். விரிப்பு, தலையணை, காலை உணவு, பெட்டிக்கு ஒரு பணியாளர் என்று செலவு தனி. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்டவாள வாடகையும் கட்ட வேண்டும். விமானம் நிரப்பும் எரிபொருளுக்கோ ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே பறக்கும்போது வரி கிடையாது. இந்த ஓரவஞ்சனை தீராமல் இரவு ரயிலை மட்டும் 'லாபம் காட்டு' என்பது நியாயமே இல்லை.

● ஜப்பானின் கேப்ஸ்யூல் ஹோட்டல் போலவே ரயிலிலும் வந்துவிட்டது! 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய புதிய நைட்ஜெட்டில் தனியாகப் போகிறவர்களுக்கென்று 'மினி கேபின்' இருக்கிறது. ஒரு பெட்டியில் 28. உள்ளே ஏறிப் படுத்துக் கதவை இழுத்துப் பூட்டிக்கொள்ளலாம். படிக்க விளக்கு, மடக்கு மேஜை, ஒரு கண்ணாடி. செருப்பும் பையும் வெளியே உள்ள லாக்கரில். அதைத் திறக்க கையிலுள்ள கார்டு போதும். ஜோடியாக வந்தவர்கள் பேசிக்கொள்ள அடுத்தடுத்த கேபின்களுக்கு இடையே ஒரு குட்டிக் கதவும் உண்டு. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

● ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து ஒரு நைட்ஜெட், இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ஒன்று. இரண்டு ரயில்களும் நள்ளிரவையொட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் சந்தித்துப் பெட்டிகளை மாற்றிக்கொள்ளும். பிறகு ஒன்று ஹாம்பர்க் பக்கம், இன்னொன்று ஆம்ஸ்டர்டாம் பக்கம். தூங்குகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

● 'யூரோப்பியன் ஸ்லீப்பர்' என்ற சின்ன நிறுவனம் 2021-ல் பொதுமக்களிடம் முதலீடு கேட்டது. கால் மணி நேரத்தில் 5 லட்சம் யூரோ சேர்ந்துவிட்டது! 2023 மே மாதம் பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் ரயிலை விட்டார்கள். அடுத்த வருடம் அது செக் நாட்டின் பிராக் வரை நீண்டது.

● அந்த பிராக் ரயில் நான்கு நாடுகளைக் கடக்கிறது. பெல்ஜியத்தில் மேல்கம்பியில் 3,000 வோல்ட், நெதர்லாந்தில் 1,500, ஜெர்மனியில் 15,000. சிக்னல் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் எஞ்சின் வேண்டும், இல்லையேல் வழியில் எஞ்சினை மாற்ற வேண்டும்.

● மிலானிலிருந்து சிசிலித் தீவுக்குப் போகும் இரவு ரயில், மெசினா ஜலசந்தியில் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு அப்படியே கப்பலில் ஏறுகிறது.

● 2017-ல் கைவிட்ட பாரிஸ்–நீஸ் இரவு ரயிலை 2021 மே மாதம் பிரான்ஸ் மீண்டும் ஓடவிட்டது. முதல் ரயிலில் அன்றைய பிரதமர் ஜான் காஸ்டெக்ஸே ஏறிப் போனார். அதே பிரான்ஸ்தான் பிறகு பாரிஸ்–பெர்லின், பாரிஸ்–வியன்னா நைட்ஜெட்டுகளுக்கான மானியத்தை நிறுத்திக்கொண்டது; இரண்டும் 2025 டிசம்பரோடு நின்றுபோயின. கையெழுத்து இயக்கம் நடத்தியும் பயனில்லை. பொதுமக்கள் காசில் முளைத்தார்களே, அந்த யூரோப்பியன் ஸ்லீப்பர்காரர்கள்தான் பாரிஸ்–பெர்லின் தடத்தை 2026 மார்ச்சிலிருந்து, வாரம் மூன்று நாள், தாங்கள் ஓட்டுவதாக அறிவித்தார்கள்.