பூனைக்குக் கக்கூஸ் பழக்கத் தெரியுமா? அதற்கே தெரியும்!

ராஜபாளையத்தில் யாராவது வீடு கட்ட வாசலில் ஒரு லோடு மணலைக் கொட்டிப் பாருங்கள். விடிவதற்குள் தெருப் பூனைகள் அதைக் கக்கூஸாக்கியிருக்கும்! சல்லடையைக் கையில் பிடித்த சித்தாளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை! வீட்டுப்பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தோண்டுவதும் மூடுவதும் ரத்தத்திலேயே வந்தது. பிறந்த முதல் சில வாரம் குட்டியால் தானாகப் 'போக' முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், துடைப்பதும் அவள் நாக்குதான்! மூணு, நாலு வாரத்தில் குட்டி தானே மண்ணைக் கீற ஆரம்பித்துவிடும்.

அதனால் நம் வேலை இடத்தைக் காட்டுவது மட்டுமே. தாழ்வான பிளாஸ்டிக் டப்பில் ரெண்டு அங்குலம் மணல். பால் குடித்ததும், தூங்கி எழுந்ததும் குட்டியைத் தூக்கி அதில் விடுங்கள். முன்னங்காலைப் பிடித்துக் கீறிக் காட்டுகிறார்கள் சிலர். பயந்து அந்தப் பக்கமே வராது!

மணலைத் தவிர வேறென்ன போடலாம்? அமெரிக்காவில் 1947-இல் பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்கு மணல் கேட்டு வர, எட் லோ என்பவர் தன்னிடமிருந்த களிமண்ணைக் கொடுத்தனுப்பினார். அதுவே 'கிட்டி லிட்டர்' என்ற பெரும் வியாபாரமானது. அந்தக் களிமண் எது தெரியுமா? நம் அக்காமார் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனம்! மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நம்மூருக்கு அதுகூட வேண்டாம். நார் உரித்தபின் மிஞ்சும் தென்னைநார்த்தூள் ஈரத்தை அப்படி உறிஞ்சும்!

டப்பைக் கழுவப் பினாயிலா? வேண்டவே வேண்டாம்! அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. வெறும் சோப்புத்தண்ணீர் போதும். தினம் அள்ளிவிடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் இருந்தாலும், நம்மைத் தொற்றும் அளவுக்குத் தேற ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் மட்டும் அந்த வேலையை வீட்டுக்காரரிடம் தள்ளிவிடலாம்!

2005-இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் நாய் உங்கள் வீட்டிலும் உண்டா? டப்பை அது எட்டாத இடத்தில் வையுங்கள். எவ்வளவு பெரிய பரம்பரையானாலும் பூனை மலம் நாய்க்குப் பலகாரம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது!

பூனைக் குலத்தில் எல்லோரும் மூடுவார்கள் என்று நினைத்தீர்களா? 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகத்துப் புலி நேர்மாறு! எல்லையைக் காட்ட நடைபாதையிலேயே போட்டுவிட்டுப் போகும். வாலைத் தூக்கி மரத்தில் பீய்ச்சும் திரவத்தில், பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருப்பதைக் கொல்கத்தா விஞ்ஞானி ஆர்.எல். பிரம்மச்சாரி கண்டுபிடித்தார்!

உங்கள் கடுவன்பூனை ஸ்கூட்டர் டயரில் பீய்ச்சுகிறதா? டப் பழகவில்லை என்று அடிக்காதீர்கள். அதுவும் புலி போடும் அதே கையெழுத்துத்தான். பாசுமதி வாசம்தான் கிடையாது!