பட்டம் பெறுமுன் ஒரு வாளி மண்

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குச் செல்வோர் வெட்டுப்பட்ட சுண்ணாம்புக் குன்றுகளைக் கண்டிருப்பர். நமக்கு அவை கல். நத்தைகளுக்கோ அதுவே உலகம். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும்; குன்று விட்டுக் குன்று தாவவும் அவற்றால் இயலாது. அதனால் சில இனங்கள் ஒரே குன்றில் மட்டும் வாழ்கின்றன. ஈப்போவுக்கு வடக்கே, குனோங் கந்தானில் கண்டறியப்பட்ட சிறு நத்தைக்கு, அக்குன்றை வெட்டிய சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே 2014இல் ஆய்வாளர்கள் சூட்டினர்: சரோப்பா லாஃபார்ஜி.

இத்தகைய நத்தைகளைத் தேட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குன்றடி மண்ணை வாளி நீரில் கலக்கினால் வெற்று ஓடுகள் மிதக்கும். அவற்றை வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்கலாம்.

உயிரியல் மாணவர்களே, பட்டம் பெறுமுன் நீங்கள் கற்க வேண்டியவை இந்த வாளியிலேயே உள்ளன: கேள்வி கேட்பது, மாதிரி எடுப்பது, இனம் அறிவது, எண்ணிக் கணக்கிடுவது, கண்டதை மட்டும் எழுதுவது. எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பில்லாத ஓட்டுக்கு அறிவியலில் மதிப்பில்லை.

பாடநூலை மனனம் செய்தால் தேர்வில் தேறலாம். ஆனால், ஒரு குன்றில் என்ன வாழ்கிறது என்று சொல்ல ஆளில்லையெனில், வெடி வைக்கும்போது எதை இழந்தோம் என்றுகூட நமக்குத் தெரியாது.