பழைய கணிப்பொறியும் அதனுள் இருக்கும் எழுத்தும்

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டின் மூலையில் 2004ஆம் ஆண்டு வாங்கிய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. குடவாசலை விட்டுப் பெங்களூர் வந்த வரலாற்றையும், குடும்பத்தின் கால்வழியையும் காலஞ்சென்ற என் தந்தையார் அதில்தான் தமிழில் தட்டெழுதி வைத்தார். சென்ற மழைக்காலத்தில் அதை இயக்க முற்பட்டேன். விசிறி சுழன்றது; திரை இருண்டே கிடந்தது; உள்ளிருந்து நீண்ட ஒலி விட்டு விட்டு எழுந்தது. பழுது பார்க்கும் கடையொன்றில், "இதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்றார்கள். யந்திரத்தைப் பொறுத்தவரை அது நியாயமான யோசனையே. தந்தையாரின் எழுத்துக்கு அது வழியாகுமா?

நாம் எழுதியவையெல்லாம் ஹார்டு டிஸ்க் எனப்படும் வட்டில் தங்கியுள்ளன. ஏனைய உறுப்புகள் கெட்டாலும் வட்டு நலமாக இருத்தல் கூடும். ஆதலின், "ஃபார்மேட் செய்து பார்க்கலாம்" என்று எவர் சொன்னாலும் இசையலாகாது.

சோதனையைத் தொடங்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிறகு பெட்டியின் வெறும் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுதல் நன்று. நம் உடலில் தேங்கிய மின்னூட்டம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கக் கூடியது. மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் நாம் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் அபாயகரமான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அந்த ஒலியின் பொருள் உற்பத்தியாளருக்கேற்ப மாறும். எனினும் நீண்ட ஒலி திரும்பத் திரும்பக் கேட்குமாயின், முதலில் ஐயுற வேண்டியது ரேம் எனப்படும் நினைவகத்தையே. (மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் எஸ்.பி. ரோடு கடையில் "நினைவகம்" என்று கேட்டு, கடைக்காரரை விழிக்க வைத்தேன்.) ஈரக் காற்றிலும் தூசியிலும் அதன் பொன்னிற விளிம்பில் மாசு படியும். அந்த விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இருபுறக் கொளுவிகளும் பற்றிக்கொள்ளும்வரை அழுத்திப் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது.

ஆயினும் யந்திரம் தேதியை மறந்திருந்தது. வட்டையும் அடையாளம் காணவில்லை. வீட்டிலுள்ளோர் எல்லாம் போயிற்று என்றே எண்ணினர். இதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி. சி.ஆர். 2032 என்னும் அந்த 3 வோல்ட் பேட்டரிதான், மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுகிறது. பழைய யந்திரங்களில் அமைப்புக் குறிப்புகளையும் அதுவே காக்கிறது. அது தளர்ந்தால் எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதும் மறந்துபோகலாம். புதியதை இட்டு, தேதியையும் குறிப்புகளையும் திருத்தியதும் வட்டின் பெயர் திரையில் தோன்றிற்று.

உங்கள் யந்திரத்தில் இவ்வளவும் பயன்படாவிடில், மதர்போர்டில் சிறு குப்பிகள்போல் நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உற்பத்தியானவற்றில் பல, தலை உப்பியும் கசிந்தும் கெட்டன. மாற்றிப் பற்றவைத்தல் கைதேர்ந்தவர் வேலை. அதுவரை காத்திராமல் வட்டைக் கழற்றி, தக்க யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் வேறொரு கணிப்பொறியில் பொருத்திக் கோப்புகளைப் படியெடுக்கலாம். வட்டிலிருந்து "டிக் டிக்" என்ற ஓசை வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓட்டினால், மீட்கக் கூடியதும் அழிந்துபோகலாம்.

படியெடுத்த கோப்பைப் புதிய கணிப்பொறியில் திறந்தபோது மற்றோர் இடர். தமிழுக்குப் பதிலாகப் புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துக்களே பக்கம் முழுவதும் நிறைந்திருந்தன. இதைக் கண்டு கோப்பு கெட்டதென அழித்துவிடலாகாது. அந்நாளில் டாம், டாப், டிஸ்கி எனப் பல குறியீட்டு முறைகள் வழங்கின. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றிருந்தும், தமிழ்நாட்டு அரசு அதைத் தரமாக ஏற்றது 2010இல்தான். எழுதிய காலத்து எழுத்துருவின் பெயரை அறிந்து, அதற்குரிய மாற்றியில் இட்டால் தமிழ் மீளும். தந்தையார் பயன்படுத்தியது டாப். எழுத்துருவின் பெயரை அவரே முதல் பக்கத்தின் அடியில் குறித்து வைத்திருந்தார்.

இப்போது அதன் படி ஒன்று என்னிடமும், மற்றொன்று டில்லியில் இருக்கும் தங்கையிடமும் உள்ளன. கால்வழியில் இரண்டு பெயர்களை அவள் திருத்தி அனுப்பியிருக்கிறாள்.